மற்றும் பலரில் ஒருவர்

கிதாரின் கம்பிகளுக்குக் கீழே இருந்த பழுப்புத் தகட்டைக் கட்டைவிரலால் பரபரவென்று தேய்த்து, விரலை மூக்கருகே கொண்டுபோனார் பல்செட் அக்கா. "கற்பூர வாசனை வருது. பழைய செல்லுலாயிட். இந்தத் தகடு கிதாரோட பொறந்ததுதான் தம்பி." ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பெயின்டர், தான் கோணிப்பையில் சுருட்டிக்கொண்டு வந்த சாமானைக் கொஞ்சம் மரியாதையோடு பார்க்கத் தொடங்கினார்.

அக்காவின் பிழைப்பு பல்செட் செய்வது. மாடியறையில் ஜன்னலை ஒட்டி நீள மேசை. அதன்மேல் பிளாஸ்டர் அச்சுகளில் வரிசையாக வாய்கள். தெருவில் பாதிப் பேரின் சிரிப்பு அங்கேதான் காய்கிறது. ஒவ்வொரு செட்டிலும் ஈறுப் பகுதிக்குள், உரியவரின் பெயரை எறும்பு எழுத்தில் காகிதத் துணுக்கில் எழுதிப் புதைத்து, மேலே கண்ணாடி போன்ற அக்ரிலிக்கைப் பூசிவிடுவார். "முதியோர் இல்லத்துல நாப்பது கிண்ணம் வரிசையா இருக்கும். ஒருத்தர் பல்லை இன்னொருத்தர் மாட்டிக்கிட்டா நல்லாவா இருக்கு?"

வேலை ஓய்ந்த நேரத்தில் கிதார்கள் வரும். எல்லாக் கிதாரும் அல்ல. வயலின் மாதிரி முகப்பு மேடாக வளைந்து, இரு பக்கமும் எஃப் எழுத்து வடிவில் துளை போட்ட பழைய ஜாஸ் கிதார்கள் மட்டும். பல் டாக்டர் வாய்க்குள் விடும் காம்புக் கண்ணாடியைத் துளைக்குள் நுழைத்து, எந்தக் காலம், எந்த மாதிரி என்று சொல்லிவிடுவார். முகத்தாட்சண்யம் கிடையாது. கையால் செதுக்கியது என்று பெருமையோடு ஒரு கிதாரைக் கொண்டுவந்த டாக்டர் ஒருவரிடம், துளையின் விளிம்பைக் காட்டி, "மூணு அடுக்கு ஒட்டுப்பலகை டாக்டர், நீங்களே எண்ணிப் பாருங்க," என்றார். டாக்டர் ஆறு மாதம் பேசவில்லை. அக்காவுக்கு வாசிக்க வருமா என்று மட்டும் கேட்கக் கூடாது. "பல்லு செய்றவ கடிச்சும் காட்டணுமா?"

இந்தப் பைத்தியமெல்லாம் ஒரே ஒரு இசைத்தட்டால் வந்தது. அதன் உறையில் பியானோக்காரர் பெயர், ஊதுபவர் பெயர், டிரம்ஸ்காரர் பெயர் எல்லாம் இருக்கின்றன. கிதார்காரர் பெயர் இல்லை. கடைசியில் "மற்றும் பலர்" என்று முடித்துவிட்டார்கள். அக்கா அவரை அப்படியே அழைக்கிறார். தட்டு முழுக்க அந்த மனிதர் பின்னணியில் சுரக்கொத்துகளை மாற்றி மாற்றி மீட்டிக்கொண்டே போகிறார். ஒவ்வொரு மீட்டலையும் விரலைத் தளர்த்தி உடனே அடக்கிவிடுகிறார். "அவர் இருக்கிறது தெரியாது. ஒரு நிமிஷம் நிறுத்தட்டும், அத்தனை பேரும் தடுக்கி விழுவாங்க." இரண்டாம் பக்கத்தில் ஓரிடத்தில் மட்டும் அவர் இருபது வினாடி தனியாக வாசிக்கிறார். வீட்டுக்கு யார் வந்தாலும் அந்த இருபது வினாடியிலிருந்து தப்ப முடியாது. தபால் இலாகாவில் வேலை பார்க்கும் கணவர் அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் குடிக்கப் போவார்.

உறையின் பின்பக்கம் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் உண்டு. அதிலும் கிதார்காரரின் முகத்தை ஓரத்தில் வெட்டிவிட்டார்கள். தெரிவது இடது கையும் கிதாரின் தலையும்தான். கம்பி முறுக்கும் ஆறு கீகளில் ஐந்து வெள்ளை; இடது பக்கம் மேலிருந்து இரண்டாவது மட்டும் உருண்டையாக, சாம்பலாக இருக்கும். பத்தொன்பது வருடமாக அக்கா அந்தப் படத்தை லென்ஸ் வைத்துப் பார்க்கிறார். தட்டு போட்ட கம்பெனிக்கு எழுதினார். கடிதம் திரும்பி வந்தது. "அவருக்குன்னு ஒரு பேரு இருந்திருக்கும்ல? அது தெரிஞ்சா போதும் எனக்கு."

பெயின்டர் கொண்டுவந்த கிதார், வெள்ளையடிக்கப் போன ஒரு பழைய மன்றத்தின் மேடைக்கு அடியில் கிடந்ததாம். "மக கத்துக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறா அக்கா. பெரிய கம்பெனியோடதா இருந்தா பயமா இருக்கு, அவ கையில குடுக்க."

"பயப்படாதீங்க. இதுவும் ஒட்டுப்பலகைதான். ஆனா நல்ல ஒட்டுப்பலகை," என்றபடி அக்கா கிதாரைக் கீழிருந்து மேலாகப் பார்த்துக்கொண்டே வந்தார். அதுதான் அவர் வழக்கம். தலைப் பகுதியைக் கடைசியில்தான் பார்ப்பார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். இடது பக்கம், மேலிருந்து இரண்டாவது கீ, உருண்டை.

"யார் யாரோ கீ மாத்துவாங்க," என்று தனக்குத்தானே அதட்டிக்கொண்டார். ஆனால் ஈரப் பஞ்சை எடுத்து அந்த உருண்டையைத் துடைத்தார். அழுக்கு கரைந்து கரைந்து, அடியிலிருந்து ரோஜா நிறம் வந்தது. அந்த நிறத்தை அவர் தினமும் கிண்ணத்தில் குழைக்கிறார்.

"அட, இது ஈறு! தம்பி, இது எங்க ஆளு வேலை! உடைஞ்ச கீக்கு பல்செட் அக்ரிலிக்ல உருட்டிக் குடுத்திருக்கான்!"

பெயின்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அக்கா லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு குனிந்தார். எந்தக் காலத்துப் பல்செட்காரனோ, தொழில் புத்தி விடவில்லை அவனை. மன்றத்தில் கிதார் மாறிப்போகக் கூடாதென்று, உருண்டையின் அடியில் காகிதத் துணுக்கைப் புதைத்து மேலே பூசியிருந்தான். அக்கா எழுத்துக் கூட்டி ஒரு முறை படித்தார். பிறகு நிமிர்ந்து, அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னார். கண் நிறைந்துவிட்டது, துடைத்துக்கொள்ளவில்லை.

"பாப்பாகிட்ட குடுங்க. தினமும் வாசிக்கச் சொல்லுங்க. இந்தக் கீயை மட்டும் மாத்த வேணாம்."

சத்தம் கேட்டு வந்த கணவர், "அப்போ இனிமே மற்றும் பலர்னு சொல்ல முடியாதே?" என்றார்.

"ஏன் முடியாது? பேஸ் வாத்தியம் வாசிச்சவர் பேரும்தான் போடல."

அக்கா உறையை வெளிச்சத்தில் திருப்பி வைத்தார். பல்செட்டுக்குப் பெயர் எழுதும் ஒற்றைமுடித் தூரிகையை எடுத்து, டிரம்ஸ்காரருக்கும் "மற்றும் பலர்" என்பதற்கும் நடுவே இருந்த அரிசியளவு இடத்தில் அந்தப் பெயரை எழுதி, காயும்வரை ஊதிக்கொண்டே இருந்தார்.