அம்மாக்கண்ணு பார்க்காத படம்

போருக்கு முன்னால் அம்மாக்கண்ணு பார்த்த தமிழ்ப் படங்கள் பதினான்கு. பிரிஞ்சாங்கு ஊருக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் வேறு யாரும் ஏழைத் தாண்டவில்லை. தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் மலையிறங்கிப் போய், தாப்பாவிலோ ஈப்போவிலோ படம் பார்த்துவிட்டு வருகிற கூட்டத்தில் பாதிப்பேர் லோரியில் வாந்தி எடுத்துக்கொண்டே திரும்புவார்கள். அவள் வளைவுக்கு வளைவு கதையை அலசிக்கொண்டு வருவாள். கதாநாயகி அழுதது போதாது. மூன்றாவது பாட்டு வேண்டாத இடத்தில் வந்துவிட்டது. மந்திரி நல்ல நடிகன், மீசைதான் ஒட்டவில்லை. "எனக்கு அப்படித் தோணுது" என்கிற பேச்சே அவளிடம் கிடையாது. எல்லாம் தீர்ப்பு.

ஆகவே டவுனுக்கு இறங்குகிறவர்கள் அவளைக் கேட்டுவிட்டுத்தான் இறங்குவார்கள். "பார்க்கலாம்" என்றால் பார்ப்பார்கள். "அந்தக் காசுக்குக் கருவாடு வாங்கு" என்றால் கருவாட்டோடு திரும்புவார்கள். தான் பார்க்காத படத்துக்கும் அவளிடம் பதில் இருந்தது. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி ராஜநாயகத்தைப் பாட்டுப் புத்தகம் படிக்கச் சொல்லி, அதை வைத்தே படத்தின் யோக்கியதையைச் சொல்லிவிடுவாள். பெரும்பாலும் அது சரியாகவே இருந்து தொலைக்கும்.

அவளை எதிர்த்துப் பேச அந்த மலையில் ஒரே ஓர் ஆள் இருந்தார். தொழிற்சாலையில் இலை உருட்டும் இயந்திரத்தில் வேலை பார்த்த தங்கையா. கல்யாணம் காட்சி இல்லாத தனிக்கட்டை. அவள் நல்ல படம் என்றால் அவர் குப்பை என்பார். அவள் குப்பை என்றால், இருக்கிற சம்பளத்தையெல்லாம் போட்டு இரண்டு தடவை பார்த்துவிட்டு வந்து புகழ்வார். சாயங்காலம் இலை நிறுக்கிற இடத்தில் இருவருக்கும் மல்லுக்கட்டு நடக்கும். கூடையை இறக்கி வைத்துவிட்டு எல்லோரும் சுற்றி நின்று கேட்பார்கள்.

"முக்காடு போட்டுக்கிட்டா சொந்தப் பொண்டாட்டிய ராஜாவுக்கு அடையாளம் தெரியாதா? என்னா கதைலா இது?" என்பார் தங்கையா.

"பொண்டாட்டி முகத்த நிமிந்து பார்த்திருந்தாத்தானேண்ணே தெரியும்! ஒங்களுக்கு எங்க அது புரியப்போவுது?" என்பாள் அவள். பெண்கள் பக்கம் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆகும்.

ஜப்பான்காரன் வந்தான். வெள்ளைக்காரத் துரை ஓடினார். பாதி மலையில் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் முளைத்தன. அரிசி கனவாயிற்று, தமிழ்ப் படமும் கனவாயிற்று. வாய் சும்மா இருக்குமா? பழைய பதினான்கு படங்களையே திருப்பித் திருப்பிப் போட்டு அலசினார்கள். கிழங்கைத் தின்றுவிட்டு வந்து, இரண்டு வருடத்துக்கு முன்னால் படத்தில் செத்துப்போன கதாநாயகன் சாகத்தான் வேண்டுமா என்று சண்டை போட்டார்கள். அந்தச் சண்டை மட்டும் இல்லாவிட்டால் பலபேருக்குப் பைத்தியம் பிடித்திருக்கும்.

நாற்பத்து மூன்றாம் வருடம் நடுவில் ஒரு நாள், டவுனிலிருந்து வந்த நோட்டீசைக் கிராணி இலை நிறுக்கும் கொட்டகையில் படித்தார். ஞாயிற்றுக்கிழமை தாப்பாவில் தமிழ்ப் படம். இலவசம். சாப்பாடு உண்டு. காலையில் ரோட்டுக்கு லோரி வரும். முதலில் அம்மாக்கண்ணுதான் வாய் திறந்தாள்.

"பொம்பளைங்களுக்கு எத்தன லோரி?"

"ஆம்பளைங்க மட்டுந்தாம்மா. அப்படித்தான் போட்டிருக்கு."

அவளுக்கு முகம் சுண்டிவிட்டது. பதினான்கு படம் பார்த்தவள் வீட்டில் உட்கார்ந்து கிழங்கு சுட வேண்டும். ஒரு படத்திலும் முழுசாக விழித்திராத அவள் புருஷன் கருப்பையா போய்ப் பார்த்துவிட்டு வந்து அவளுக்குக் கதை சொல்ல வேண்டும்! வயிறு எரிந்தது என்பதுதான் உண்மை. அதை நல்ல பெயர் வைத்து மூடுவானேன்?

"படம் எப்படி அக்கா?" என்று வழக்கம்போல ஆண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"இப்ப நாட்டுல சுத்துறது ஒரே ஒரு படப்பெட்டிதான்," என்றாள், கொஞ்சமும் தயங்காமல். "ஈப்போவுல ஓடுன அதே படம். தானா ராத்தா டவுனுல முடி வெட்டுறவரோட மச்சான் பார்த்துட்டு வந்து தலையில அடிச்சுக்கிட்டாராம். மூணே பாட்டு. கதாநாயகி பாதியிலேயே ஆத்துல போயிடுறா. மிச்சப் படம் பூரா ஒரு சாமியாரு உக்காந்து புத்தி சொல்றாரு. இதுக்கா மலையெறங்கணும்? போயி கெழங்குக்கு மண்ணணைங்க."

அத்தனையும் பொய். முடி வெட்டுகிறவருக்கு மச்சானே கிடையாது. ஆனால் அவள் சொன்ன தோரணையில் அந்தச் சாமியாரின் தாடிகூடக் கேட்டவர்களுக்குத் தெரிந்தது. ஆண்கள் முணுமுணுத்தார்கள், அவளைத் திட்டினார்கள், கடைசியில் அடங்கினார்கள். பதினான்கு படத்துக்கு அவ்வளவு மரியாதை இருந்தது.

தங்கையா மட்டும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நீ நல்லாயில்லன்னு சொன்னா அது கட்டாயம் நல்லாத்தான் இருக்கும். நான் பார்த்துட்டு வந்து சொல்றேன், இரு."

ஞாயிற்றுக்கிழமை வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு அவர் ஒருவர்தான் அந்தத் தோட்டத்திலிருந்து லோரி ஏறினார். மற்ற தோட்டத்து ஆட்களால் லோரி நிரம்பியிருந்தது.

செவ்வாய்க்கிழமை விஷயம் மலையேறி வந்தது. தாப்பாவில் படக்கொட்டகை நிரம்பியதும் கதவைச் சாத்திவிட்டார்கள். படமும் இல்லை, சாப்பாடும் இல்லை. சுற்றிலும் ஜப்பான்காரன் துப்பாக்கி. அத்தனை பேரையும் அப்படியே ரயிலேற்றி, சயாம் காட்டில் தண்டவாளம் போடக் கொண்டுபோய்விட்டார்கள்.

லயத்து வீடுகளிலிருந்து பெண்கள் அம்மாக்கண்ணுவின் வாசலுக்கு ஓடி வந்தார்கள். பக்கத்து வீட்டுச் சரோஜா அவள் காலிலேயே விழுந்தாள். "எம்புருசன காப்பாத்திக் குடுத்தியே அக்கா! ஒனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அம்மாக்கண்ணு அவளைத் தூக்கி நிறுத்தினாள். அன்று மறுத்திருக்கலாம், மறுக்கவில்லை. அந்தப் புகழ் இரண்டு நாள் இனித்தது. மூன்றாம் நாள் கருப்பையாவிடம் உடைந்தாள்.

"பொறாமையில சொன்னேங்க. ஒரு எழவும் எனக்குத் தெரியாது. நல்ல படம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்த மனுசன் வீம்புக்காச்சும் போகாம இருந்திருப்பாரு."

கருப்பையா அதிகம் பேசுகிறவன் இல்லை. "அவரு இருந்திருப்பாரு. நான் போயிருப்பேன்," என்றான். அவள் அவன் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள். நிம்மதியும் குற்றமும் ஒன்றாக வந்தால் மனிதர் எதைப் பார்த்து அழுவது?

அதன்பிறகு அவள் படங்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதை விட்டுவிட்டாள். யாராவது பழைய கதையை எடுத்தால் கூடையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவாள். ஆனால் தங்கையா செத்திருப்பார் என்று ஒருவரையும் பேசவிட மாட்டாள்.

"அடுத்தவன் சொன்னதை என்னைக்காச்சும் கேட்ட மனுசனா அவரு? ஜப்பான்காரன் சாகச் சொன்னா செத்துருவாராக்கும்!" என்பாள். இதை அவள் சொன்ன விதத்தில் பொய் இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் அவருடைய பூட்டிய அறைக்கு முன்னால் பெருக்கிவிட்டு வந்தாள்.

ஜப்பான்காரன் தோற்றுப் போன சில மாதங்கள் கழித்து, ஒரு சாயங்காலம், இலை நிறுத்துக்கொண்டிருந்தபோது ரோட்டிலிருந்து ஒரு ஆள் கம்பு ஊன்றி ஏறி வந்தான். சாக்கை உடுத்தியிருந்தான். காலில் கணுக்காலிலிருந்து முழங்கால்வரை புண் ஆறிய வடு. கிட்டே வரும்வரை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் தராசுக்காரர் கையிலிருந்த கூடையைக் கீழே போட்டார்.

தங்கையா நேராகப் பெண்கள் பக்கம் வந்து நின்றார். மூச்சு வாங்கியது.

"அம்மாக்கண்ணு, நீ சொன்னதுதாம்மா சரி. படம் நல்லாயில்ல."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு கொட்டகை முழுக்கச் சிரித்தது, சிரித்துக்கொண்டே அழுதது. அவளோ சிரிக்கவில்லை. இத்தனை வருடத்தில் அந்த மனிதர் அவள் பேச்சை ஒப்புக்கொண்டது இதுதான் முதல் தடவை. அதைத் தாங்க அவளால் முடியவில்லை.

"இல்லண்ணே," என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி உரக்க. "எனக்கு ஒண்ணுமே தெரியாது. பொம்பளைங்கள விடலன்னு எரிச்சல்ல புளுகுனேன். சாமியாரும் இல்ல, மச்சானும் இல்ல. எல்லாம் பொய்யி."

சரோஜா வாயைப் பொத்திக்கொண்டாள். தங்கையா அம்மாக்கண்ணுவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒட்டிப்போன அந்த முகத்தில், நாலைந்து பல் போன வாயில், பழைய வீம்பு மெள்ள எட்டிப்பார்த்தது.

"அப்ப நீ சொன்னது தப்பு!"

"தப்புதாண்ணே," என்றாள் அம்மாக்கண்ணு, பிறந்ததிலிருந்து ஒருநாளும் சொல்லியறியாத வார்த்தையை. "தப்புதாண்ணே, தப்புதான்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு கதறினாள்.