இரண்டாவது திறப்பு

சூரிச்சில் யூத முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை செய்கிறேன். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில், அவர்களின் ஓய்வுநாள் தொடங்குவதற்கு முன், கண்பார்வை மங்கிய ஓர் அம்மாவுக்கு அந்த வாரத்து வேதப் பகுதியை ஜெர்மனில் வாசித்துக் காட்டுவேன். திருநீறு பூசிய நான் மோசேயின் கதையை வாசிக்க, அவர் என் உச்சரிப்பையும் மோசேயையும் சேர்த்தே திட்டுவார். இருவருக்கும் அது பிடித்திருந்தது.

எனக்கு மட்டும் ஓய்வுநாள் இல்லை. சனிக்கிழமைகளில் ஆராவ் நகரில் எங்கள் பிள்ளைகளின் தமிழ்ப் பாடசாலைக்கு நான் பொறுப்பாளர். 2009இல் போர் முடிந்தபோது எங்கள் சனம் உடைந்துபோயிருந்தது. எதையும் முன்னின்று செய்ய ஒருவரும் வரவில்லை. ஒரு வருடம் பார்ப்போம் என்று எடுத்தேன். பதின்மூன்று வருடம் ஓடிவிட்டது. கலியாண வீடுகளுக்குப் பந்தி முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தேன். வாடகைக்கு எடுத்த அந்தச் சுவிஸ் பள்ளிக்கூடத்தின் கதவைத் திறக்கும்போதெல்லாம், உள்ளே பூட்டுப்படப் போவது நான்தான் என்று தோன்றும். ஒவ்வொரு பொதுக்கூட்டத்திலும், "ஆராவது வாங்கோ, என்னாலை இனி ஏலாது" என்பேன்.

மனைவி ஒருநாள் சோறு போட்டபடியே சொன்னாள்: "ஒருத்தரும் வரேல்லையெண்டு ஊருக்குச் சொல்லாதேங்கோ. வந்த ரெண்டு பேரையும் குறை சொல்லிக் கலைச்சது நீங்கள்தான்." நான் சாப்பாட்டில் உப்பில்லை என்றேன்.

கடைசியில் ஒரு ஜூன் மாதக் கூட்டத்தில், இங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு தாதி, "நான் செய்யிறன் அண்ணை" என்று எழுந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். கதவுப் பூட்டைத் திறக்கவென்று பள்ளிக்கூடத்து மேற்பார்வையாளர் எனக்குத் தந்திருந்த இரண்டு திறப்புகளில் ஒன்றை அவரிடம் கொடுத்தேன். மற்றது என் காற்சட்டைப் பையிலேயே கிடந்தது. அவசரத்துக்கு உதவும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை வந்த பகுதியில், வாக்களித்த நாட்டுக்குள் நீ போகமாட்டாய் என்று கடவுள் மோசேயிடம் சொல்லிவிடுகிறார். மோசே தனக்காக அழவில்லை. சனம் மேய்ப்பனில்லாத ஆடுகளாகிவிடக் கூடாது, ஒருவரை நியமியும் என்றுதான் கேட்கிறார். உன் உதவியாளன் யோசுவாமேல் உன் கையை வைத்துப் பொறுப்பைக் கொடு என்கிறார் கடவுள். மோசே இரண்டு கைகளையும் வைக்கிறார்.

"நிறுத்து," என்றார் அந்த அம்மா. "கேட்டது ஒரு கை. வைத்தது இரண்டு. அப்படி முழுதாகக் கொடுக்க என்னால் முடியவில்லை. எங்கள் சமூகச் சமையலறையை இன்னொருத்தியிடம் ஒப்படைத்துவிட்டு, நாள் தவறாமல் போய்ச் சட்டி மூடியைத் திறந்து பார்த்தேன். அவள் விட்டுவிட்டுப் போனாள். பிறகு ஒருத்தியும் வரவில்லை. சமையலறையையே மூடிவிட்டார்கள்."

என் கை தானாகப் பைக்குள் போனது. அவருக்குக் கண் சரியாகத் தெரியாதது நல்லதாய்ப் போயிற்று.

அப்படியும் புத்தி வரவில்லை. விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கிய சனிக்கிழமை, பாவம், அந்தத் தாதி முதல் நாள் தடுமாறுவாரே என்று ஒரு மணித்தியாலம் முன்னதாகவே போய்த் திறந்தேன். ஜாக்கெட்டை வழமையான கொளுவியில் மாட்டினேன். பிள்ளைகள் இருக்கும் கதிரைகளை என் முறைப்படி அடுக்கினேன்.

அவர் வந்து, திறந்து கிடந்த கதவுக்கு வெளியே நின்றார். கையில் திறப்பு. நான் வாசலைத் தாண்டி வெளியே வந்தேன்.

"அண்ணை, நீங்களே திறந்திட்டீங்கள். அப்ப நான் வீட்டை போகட்டோ?"

குரலில் கோபமே இல்லை. முன்பு வந்த இருவரும் இப்படி அமைதியாகத்தான் போனார்கள். இவரும் போனால் பாடசாலையின் கதை முடிந்துவிடும் என்று அப்போதுதான் பயந்தேன். வெட்கமாகவும் இருந்தது. பையிலிருந்த திறப்பை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினேன்.

"இது மற்றது. இனி என்னட்டை இல்லை."

"மெய்யாவோ அண்ணை?"

"ஓம்."

வாங்கிக்கொண்டு உள்ளே போனார். கதவு தானாக மூடிப் பூட்டிக்கொண்டது. தூறத் தொடங்கியபோதுதான் ஜாக்கெட் உள்ளே இருப்பது நினைவுக்கு வந்தது. மணியை அடித்தால் வந்து திறப்பார். உள்ளே அவர் கதிரைகளை வேறு மாதிரி இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. என் கை மணிவரை போனது. பிறகு இரண்டு கைகளையும் வெறும் பைகளுக்குள் விட்டுக்கொண்டு, நனைந்தபடியே பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.