ஜப்பான் சில்க்கும் மாமன் சீரும்

எங்கப்பாவுக்குக் கூடப்பிறந்த தங்கை கிடையாது. அக்காவும் கிடையாது. ஆனாலும் எனக்கு அத்தைகள் ஏகப்பட்ட பேர். மலாயாவில் கிள்ளானைத் தாண்டி ஜெஞ்சாரோம் பக்கம் எந்த ரப்பர்த் தோட்டத்துக்குள் நுழைந்தாலும், ஏதோ ஒரு கூலி லயத்து வாசலில் ஒரு அத்தை ஈரக் கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு, "அண்ணே வந்துட்டீங்களா" என்று எழுந்து வருவாள். கூட நிற்கும் என்னைப் பார்த்து, மருமகன் ஏன் இப்படி எலும்பாக இருக்கிறது, காலேஜில் சோறு போடுவதில்லையா என்பாள். இதெல்லாம் எந்த வழியில் வந்த உறவு என்று கேட்டால் ஒரே பதில்தான். துணி வழியில்.

அப்பா சைக்கிளில் துணி விற்பவர். எங்கள் வீடு கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு பலகை வீடு. தோட்டங்களில் சம்பளம் போடுகிற நாள் நெருங்கியதும் அப்பா மூட்டையைக் கட்டுவார். ரயிலில் கார்டு வண்டியில் சைக்கிளை ஏற்றிக் கிள்ளானில் இறக்கி, அங்கிருந்து செம்மண் பாதையில் மிதிப்பார். லீவுக்கு நான் சிங்கப்பூரிலிருந்து வந்தால் இன்னொரு சைக்கிளும் இன்னொரு மூட்டையும் என் தலையில் விழும். காலேஜ் படிக்கிறவன் மூட்டை தூக்குவதா என்று ஒருதரம் முனகினேன். "நீ காலேஜுன்னு மூட்டைக்குத் தெரியாதுடா, மிதி" என்றார். அதோடு சரி.

தோட்டத்துப் பெண்கள் பெரும்பாலும் கப்பலேறி வந்தவர்கள். புருஷன் கூட வந்தான், மாமியார்கூட வந்தாள், ஆனால் அண்ணன் தம்பி ஊரிலேயே நின்றுவிட்டான். நம் ஆட்களுக்கோ எதை எடுத்தாலும் பிறந்த வீட்டுத் துணி வேண்டும். வளைகாப்புக்கு ஒரு சீலை, பிள்ளைக்குக் காது குத்தினால் மாமன் துணி, பெண் பெரியவளானால் மாமன் சீர், செத்தால் பிறந்த வீட்டுக் கோடி. நடுவில் கடல் கிடக்கிறது. என்ன செய்வது? எப்போதோ ஒரு லயத்தில் ஒரு பெண் அப்பாவிடம் அழுதிருக்கிறாள், நீங்களே அண்ணனாக நின்று ஒரு சீலை கொடுத்துவிடுங்கள் என்று. அப்பா கொடுத்துவிட்டார். அடுத்த மாதம் அந்த லயம் முழுக்க அப்பாவிடம்தான் துணி எடுத்தது. காலேஜில் இதைக் கெட்டிக்கார வியாபாரம் என்பார்கள். அம்மா இதைக் கிறுக்கு என்பாள். இரண்டும் சரிதான் என்று எனக்குப் படும்.

இப்படி ஊரெல்லாம் தங்கச்சி சேர்க்க ஒரு சைக்கிள் வியாபாரிக்கு எப்படிக் கட்டுபடியாயிற்று? ஜப்பான் சில்க்கால்தான். அது பட்டே கிடையாது, மரக்கூழில் மில்காரன் இழைத்த டூப்பு. ஆனால் என்ன பளபளப்பு. ரோஸ், கிளிப்பச்சை, கத்தரிப்பூ நிறம் எல்லாம் வெயிலில் விரித்தால் கண் கூசும். விலையோ அடிமட்டம். கிள்ளானில் மொத்தக் கடை வைத்திருந்த சீனத் தவுக்கே அப்பாவுக்குப் பார்த்துப் பார்த்து எடுத்துக் கொடுப்பார். ரப்பர் மரத்தில் பால்வெட்டுகிறவள் பட்டுக் கட்டுவதற்கு ஜப்பான்காரன்தான் காரணம் என்று அப்பா சொல்வார்.

அப்புறம் ஒப்பந்தம் வந்தது.

காலேஜில் எங்களுக்குப் பொருளாதாரம் எடுத்த வெள்ளைக்காரர் அதைக் கரும்பலகையில் அழகாக வரைந்து காட்டினார். இந்தப் பக்கம் பெரிய வட்டம், சீமை. அந்தப் பக்கம் சின்னதாக ஒரு வட்டம், நாம். நம் அன்னாசி டின்னுக்கு அவர்கள் சந்தையில் சலுகை. பதிலுக்கு அவர்கள் மில் துணிக்கு நம் சந்தையில் முதல் இடம். மற்ற நாட்டுத் துணிக்கு, அதாவது ஜப்பான் துணிக்கு, இவ்வளவுதான் இறங்கலாம் என்று அளவு. இரண்டு பக்கத்துக்கும் லாபம் என்று முடித்தார். நான் எழுந்து, கையெழுத்துப் போட்ட மேசையில் சின்ன வட்டத்துக்கு யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்டேன். வகுப்பு சிரித்தது. நீ முதலில் உட்கார் என்றார் அவர். சிரிப்பு வாங்கிக் கொடுத்த சந்தோஷத்தில் நானும் உட்கார்ந்துவிட்டேன். அந்த அளவு எங்கள் வீட்டுக்குள் வரப்போகிறது என்று அப்போது தோன்றவில்லை.

அந்த லீவில் வீட்டுக்கு வந்தபோது அப்பாவின் மூட்டை பாதியாக இளைத்திருந்தது. தவுக்கே கடையில் ஜப்பான் சில்க் அடுக்கியிருந்த பலகை காலி. இருக்கும் கொஞ்சத்தைப் பெரிய கடைக்காரர்கள் வாரிக்கொண்டு விலையை ஏற்றிவிட்டார்கள். சீமைத் துணியில் பூப்போட்டது கிட்டே நெருங்க முடியாத விலை. அப்பாவால் தொட முடிந்தது வெள்ளை மல் மட்டும். கஞ்சி ஏற்றி அட்டை மாதிரி விறைத்து நிற்கும், தண்ணீரில் போட்டால் கொசுவலை.

அந்த நேரத்தில்தான் ஜெஞ்சாரோம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஆள் வந்தது. அங்கே இருந்த அத்தை அப்பாவின் முதல் தங்கச்சிகளில் ஒருத்தி. அவளுக்கு ஒரே மகள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டு, கிள்ளானில் மிஷன் பள்ளிக்கூடத்தில் சேரத் துடித்துக்கொண்டிருந்த பெண். படித்து ஆஸ்பத்திரியில் நர்ஸாகப் போவேன் என்று என்னிடமே இங்கிலீஷில் சொல்லிக் காட்டியிருக்கிறாள், பாதி தப்பும் தவறுமாக, துளி வெட்கமில்லாமல். அவள் பெரியவளாகிவிட்டாள், சடங்கு வைத்திருக்கிறோம், மாமன் சீர் கொண்டு வாருங்கள் என்று செய்தி.

செய்திக்குள் இன்னொரு செய்தியும் இருந்தது. அத்தையின் நாத்தனார் தன் மகனுக்கு அந்தப் பெண்ணைக் கேட்கிறாள். மகன் அம்பாங்கில் ஈயச் சுரங்கத்தில் வேலை, பெண்டாட்டியை இழந்தவன், வயதும் கூட. அத்தைக்கு இஷ்டமில்லை. அவள் புருஷனுக்கு அக்காவை எதிர்த்துப் பேச வாய் கிடையாது. பெண் விஷயத்தில் தாய்மாமன் சொல்லுக்கு மட்டும்தான் சபையில் ஒரு மரியாதை. அதனால் சடங்கு அன்றைக்கு, எல்லார் முன்னாலும், பிள்ளை படிக்கட்டும் என்று அண்ணன் சொல்லிவிட வேண்டும். அத்தை நம்பியிருந்தது அந்த ஒரு வார்த்தையை.

அப்பா சில்க்குக்காகக் கிள்ளான் முழுக்க அலைந்தார். கோலாலம்பூர் பாசாரில் கேட்டார். செராஸ் பக்கம் தெரிந்த ஒருவரிடம் இருக்கிறது என்று யாரோ சொல்ல, அங்கேயும் மிதித்துப் போய் வெறுங்கையோடு திரும்பினார். கடைசியில் அம்மாதான் வழி சொன்னாள். வெள்ளை மல்லை மஞ்சளில் முக்கிவிடலாம். மங்கலமான நிறம், யார் என்ன சொல்லப் போகிறார்கள்? மண்ணெண்ணெய் டின்னில் தண்ணீர் கொதிக்க வைத்து, மஞ்சளை இடித்துப் போட்டு, துணியை முக்கி எடுத்தாள். தன் பழைய ஜப்பான் சில்க் ரவிக்கையைக் கத்தரித்துக் கரை வைத்துத் தைத்தாள். காய்ந்த பிறகு கஞ்சி போட்டுத் தேய்த்ததும், சும்மா சொல்லக்கூடாது, ஜோராகத்தான் இருந்தது. அப்பா அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

சடங்குக்கு நாங்கள் மூன்று பேரும் போனோம். தட்டில் சீலை, பழம், பூ, வெற்றிலை பாக்கு. லயத்து வாசலில் பச்சை ஓலைப் பந்தல். "மாமன் வந்தாச்சு" என்று யாரோ குரல் கொடுக்க, அத்தையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. தண்ணீர் ஊற்றி முடித்ததும் அம்மா உள்ளே போய்ப் பெண்ணுக்குச் சீலை கட்டிவிட்டாள். மஞ்சள் சீலையில் பெண் வெளியே வந்து மணையில் உட்கார்ந்தாள். என்னைப் பார்த்ததும் கிழவிகள் ஆரம்பித்துவிட்டார்கள், முறைப்பையன் ஏன் தூணுக்குப் பின்னால் ஒளிகிறான் என்று. எனக்குக் காது சூடாகிவிட்டது.

எங்கள் மூன்று பேருக்கும், அந்தச் சபைக்கும்கூட, ஒரு விஷயம் நினைவுக்கு வரவில்லை. ஆரத்திக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்தால் சிவப்பாகும் என்று தெரியாத தமிழன் உண்டா? ஆனால் மஞ்சளில் முக்கிய துணியும் மஞ்சள்தானே என்று யாரும் யோசிக்கவில்லை. வெற்றிலைத் தட்டு சுற்றி வந்தது. பெண்கள் ஒவ்வொருத்தியாக இலைக்குச் சுண்ணாம்பு தடவி மடித்து வாயில் போட்டுக்கொண்டு, அதே விரலோடு வந்து பிள்ளைக்குச் சந்தனம் பூசினார்கள், கன்னத்தைக் கிள்ளினார்கள், தோளில் முந்தானையைச் சரிசெய்தார்கள். தொட்ட இடமெல்லாம் சிவந்தது. தோளில் ஒரு விரல், இடுப்பருகே ஒரு கை, மடியில் நாலைந்து திட்டு. ரத்தக் கறை போலவே. பெண் குனிந்து பார்த்துவிட்டு, கையால் மூட முயன்றாள். மூட முடியவில்லை.

நாத்தனார் கிட்டே வந்து முந்தானையைப் பிடித்து, எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள். அவளுக்கு நிமிஷத்தில் புரிந்துவிட்டது.

"வெள்ளச் சீலைக்கு மஞ்சத்தண்ணி காட்டி எடுத்துட்டு வந்திருக்காங்க. எழவு வீட்டுக்குக் கொண்டு போற துணி. இதுதான் பொறந்த வீட்டு சீரு, பாத்துக்குங்க."

அப்பா எழுந்து நின்றார். ஜப்பான் துணி வருவதில்லை, எங்கே தேடியும் கிடைக்கவில்லை, மனதில் ஒன்றும் வைத்துச் செய்யவில்லை என்று மெல்லச் சொன்னார். நான் சும்மா இருந்திருக்கலாம். சீமைக்காரன் ஒப்பந்தம் போட்டதையும், கவர்மெண்டு அளவு கட்டியதையும் விளக்கப் போனேன்.

"கவர்மெண்டா இந்தப் புள்ளைக்கு மாமன்?" என்றாள் நாத்தனார். பந்தலே சிரித்தது. எங்கள் வகுப்பு சிரித்ததைவிட நன்றாகவே சிரித்தது.

சிரிப்பு ஓய்வதற்குள் அப்பா அத்தையைப் பார்த்தார். அவள் கதவோரம் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சொன்னார். "சீல போனா போவுது, வேற வாங்கித் தரேன். புள்ள கிள்ளான் பள்ளிக்கூடத்துக்குப் போகட்டும். இப்ப கல்யாணம் வேணாம். மாமன் நான் சொல்றேன்."

"மாமனா?" நாத்தனார் இப்போது சிரிக்கவில்லை. "சரிங்க கடைக்கார அண்ணே. நெசமான மாமன்னா, இந்தா நிக்கிறாரே ஒங்க காலேஜு மவன், படிச்சு முடிச்சதும் இவருக்கே கட்டிக்கிறேன்னு சபையில ஒரு வார்த்த சொல்லுங்க. நான் வாயத் தெறக்கல லா."

அப்பா என்னை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு மெல்ல உட்கார்ந்தார். நாங்கள் ஊரில் எந்தத் தெரு, லயத்து ஆட்கள் எந்தத் தெரு என்பது அங்கிருந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். அண்ணே தங்கச்சி என்று எத்தனை வருஷம் கூப்பிட்டாலும் அந்தத் தெரு மாறாது. ஜப்பான் சில்க் பளபளத்த வரைக்கும் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை, கேட்கத் தோன்றியதுமில்லை. துணி போனதும் அடியில் கிடந்தது வெளியே வந்துவிட்டது. அம்மா தரையைப் பார்த்தாள். நான் தூணைப் பார்த்தேன்.

அத்தைதான் முடித்து வைத்தாள். "விடுங்கண்ணே. நீங்க கெளம்புங்க. மழ வர்ற மாதிரி இருக்கு, பாதை வழுக்கும்."

திரும்பும் வழியில் மழை வரவே இல்லை. அப்பா சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டே நடந்தார். அம்மா பின்னால் காலித் தட்டோடு வந்தாள். நான் அந்த ஒப்பந்தக்காரர்களை எனக்குத் தெரிந்த எல்லாப் பாஷையிலும் திட்டிக்கொண்டே வந்தேன். அன்னாசி டின்னை எவன் கேட்டான் என்றேன்.

கல்யாணம் சீக்கிரமே நடந்தது. எங்களுக்குப் பாக்கு வைக்கவில்லை. மாமன் செய்ய வேண்டியதை அந்தப் பக்கத்திலேயே யாரையோ நிற்க வைத்துச் செய்துகொண்டார்களாம். அப்பா அந்தத் தோட்டத்துக்குப் போவதை நிறுத்தினார். பிறகு ஒவ்வொன்றாக மற்றத் தோட்டங்களையும். யாராவது ஒரு தங்கச்சி வெறும் கையைப் பார்த்துவிடுவாளோ என்ற பயம் என்று அம்மா சொன்னாள். கிள்ளானில் கடைகளுக்கு மட்டும் கொண்டுபோய்ப் போட ஆரம்பித்தார்.

அடுத்த லீவில் ஒரு சாயங்காலம் கிள்ளான் ஸ்டேஷனில் நானும் அப்பாவும் சைக்கிள்களோடு ரயிலுக்கு நின்றோம். பெஞ்சிலிருந்து யாரோ எழுந்து வேகமாக வந்தார்கள். அந்தப் பெண். கழுத்தில் தாலி, கையில் ஒரு துணிப் பை, கன்னம் ஒட்டியிருந்தது. "மாமா" என்றாள்.

அப்பா சைக்கிளை என்மேல் சாய்த்துவிட்டு அவள் முன்னால் போய் நின்றார். சாப்பிட்டியா என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். அம்மா எப்படி இருக்கு என்றார். இருக்கு என்றாள். என்னிடம் இங்கிலீஷில் ஒன்றும் சொல்லவில்லை.

அவள் புருஷன் பீடியை மிதித்து அணைத்துவிட்டு வந்தான். மோசமான ஆளாகத் தெரியவில்லை, களைத்துப்போன ஆள். "யாரு இவங்க?" என்று அவளிடம் கேட்டான்.

அவள் வாயைத் திறந்தாள். திறந்தபடியே அப்பாவைப் பார்த்தாள். அப்பா அவளைச் சொல்ல விடவில்லை.

"தோட்டத்துக்குத் துணி கொண்டு வருவேன் தம்பி. பழக்கம். அவ்வளவுதான்."

அவன் தலையசைத்தான். ரயில் வந்தது. அவர்கள் முன்பக்கப் பெட்டியில் ஏறினார்கள். அப்பா கடைசியில் கார்டு வண்டியில் சைக்கிளை ஏற்றினார், பக்கத்திலேயே மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டார். உள்ளே சீட் இருக்கிறது, வாங்கப்பா என்றேன். பிரிக்பீல்ட்ஸ் வரும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.