நான் பார்க்காத பூட்டு

அந்தப் பூட்டை நான் பார்க்கவே இல்லை. பார்த்ததெல்லாம் இன்ஸ்பெக்டரின் பைக் சீட்டில் விரித்திருந்த மகசர் தாளைத்தான். உசிலம்பட்டி பஸ் போகும் ரோட்டில் ஒரு பஞ்சுக் கிடங்கு எரிந்து, வேலை பார்த்த இரண்டு பெண்கள் இறந்துபோன மறுநாள் காலை அது. நான் அந்த ஊர் வி.ஏ.ஓ. சம்பவ இடத்தை நேரில் பார்த்ததாகச் சாட்சிக் கையெழுத்துப் போடுவது எங்கள் வேலைகளில் ஒன்று. பார்க்காமலே போடுவது என் வழக்கம். வெள்ளைச் சட்டையில் கரி ஒட்டிவிடுமே என்று வேப்பமர நிழலைவிட்டு நான் நகரவில்லை.

என் உதவிக்கு இருந்த தலையாரி மட்டும் கிடங்கைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். முழங்கால்வரை சாம்பல். 'பின்கதவு திறந்திருந்தது' என்று தாளில் இருந்ததை வாசித்துக் காட்டினேன். இரண்டாவது சாட்சியாக அவரும் போட வேண்டும்; பேனாவை வாங்க மறுத்துவிட்டார்.

"பின்கதவுல வெளிப்பக்கமா பூட்டு தொங்குது சார். நாலு எட்டு வச்சா நீங்களே பாத்துரலாம், வாங்க."

எனக்குக் கோபம்தான் வந்தது. இன்ஸ்பெக்டர் முன்னால் இவர் எனக்குச் சொல்லித் தருவதா? "பேசாம இருய்யா" என்று அதட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அவர் இடத்தில் டீக்கடைக்காரர் போட்டார். கதவு திறந்திருந்தும் பதற்றத்தில் அந்தப் பெண்களுக்கு வழி தெரியவில்லை என்று விசாரணை முடிந்தது.

இப்போது ஓய்வு பெற்று, கே.கே. நகரில் மகள் வீட்டில் இருக்கிறேன். போன ஞாயிறு மதியம் மருமகன் இணையத்தில் வந்த ஒரு ஆவணப்படத்தை டிவியில் போட்டார். அதே கிடங்கு. தலை நரைத்த தலையாரி அதே பூட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். மாதத்தைத் தப்பாகச் சொல்லி, பிறகு திருத்தினார். நடுவில் என் மகசரும் வந்துபோனது. கோழிக்கிறுக்கலான என் கையெழுத்தை வீட்டில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.

"ஒரு பக்கம் கையெழுத்தோட ரிப்போர்ட்டு, இன்னொரு பக்கம் இவரு வாய்ப்பேச்சு. அந்தப் பக்கமெல்லாம் வேல பாத்தவரு நீங்க. இந்தாள நம்பலாமா மாமா?"

"எனக்குத் தெரிஞ்ச ஆளுதான் மாப்ள. பெரிய குடிகாரன்" என்றேன்.

என்னோடு இருந்த அத்தனை வருஷமும் டீயைத் தவிர எதையும் அவர் குடித்து நான் பார்த்ததில்லை. இதை எழுதவே கூசுகிறது.

மருமகன் நல்ல மனிதர். பார்க்கிறவர்கள் ஏமாறக்கூடாதே என்று அந்தப் படத்துக்குக் கீழே போனிலிருந்து கமெண்ட் எழுதிவிட்டு எனக்கு வாசித்தும் காட்டினார்: 'இந்தச் சாட்சி குடிகாரர். நேரில் தெரிந்தவர் சொன்னது.'

அழிக்கச் சொல்ல வேண்டும். மருமகன் அடுத்த அறையில்தான் இருக்கிறார். அன்றைக்குப் பூட்டு இருந்த தூரம்தான், நாலு எட்டு. நான் இன்னும் எழுந்திருக்கவில்லை.