என் பக்கம் வந்த இறைச்சி

சுனாமிக்குப் பிறகு கல்முனையில் ஒரு கல்யாணச் சாப்பாடு. சஹன் என்ற பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்தோம். என் பக்கத்தில் இருந்த கணக்கு மாஸ்டரின் கைக்கடிகாரம் முழங்கை வரைக்கும் வழுக்கியது. இறைச்சியையெல்லாம் என் பக்கமே தள்ளினார்.

“பீப்பா மாஸ்டர் மெலிஞ்சி மாப்பிள்ளை மாதிரி ஆகிட்டார்!” என்றார் எதிரே இருந்த, நாங்கள் அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுபவர். எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டர் வாய்க்குக் கொண்டுபோன சோற்றைக் கீழே வைத்தார்.

“நீங்க ஒண்டும் திங்கல்லயே?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“மெலிஞ்சிட்டார் எண்ட இந்தக் கதையக் கேக்கத்தானே தம்பி பசியோட கிடக்கன். திண்டா திரும்பவும் பீப்பாதான்.”

சஹன் காலியானது. “ஆறு பேரும் வயிறு நிறையத் திண்டிருக்கீங்க” என்று வீட்டுக்காரர் மகிழ்ந்தார்.

மாஸ்டர் இரண்டாவது தடவைதான் சைக்கிளில் ஏறினார். விழுந்துவிடுவாரோ என்று அவர் வீடு வரைக்கும் பின்னாலேயே மிதித்தேன்.