வடக்குச் சுவருக்கு வெளியே

செவிலிமேட்டைத் தாண்டிப் பாலாற்றுக்கு அக்கரையில் இருக்கும் அந்த மாதா கோயிலை ஒரு பிரெஞ்சுச் சாமியார் கட்டினாராம். அவர் கட்டினார் என்பது பேச்சுக்குத்தான். கட்டியது என்னவோ காஞ்சிபுரத்துக் கோபுர வேலைக்காரர்கள். சன்னல்கள் சீமை மாதிரிக் கூர்வளைவு. உள்ளே தூணின் தலையிலோ தாமரை இதழ். சாமியார் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார் போலிருக்கிறது. செங்கல்லும் அரைத்த சுண்ணாம்புமாய் எழுப்பிய சுவரின் கனம் இருக்கிறதே, அப்பப்பா! சன்னல் திண்டில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடலாம். யார் விடுவார்கள் என்பது வேறு விஷயம்.

காவேரி அந்தக் கோயிலைப் பெருக்கித் துடைப்பவள். கூரத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, சாயப்பட்டறையில் பட்டுக்குச் சாயம் போடும் அருளைக் காதலித்துக் கட்டிக்கொண்டு கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தவள். சகாயமேரி என்று பெயர் வைத்தார்கள். ஒருவர் வாயிலும் அது நுழையவில்லை; காவேரி காவேரியாகவே இருந்தாள். உள்ளே பெருக்கி முடித்ததும் வடக்குச் சுவருக்கு வெளியே போய், யாரும் கால் வைக்காத வெறும் மண்ணையும் பெருக்குவாள்.

"அங்க எந்த ராசா வந்து குந்தப் போறாரு?" என்று பெண்கள் கிண்டல் செய்வார்கள்.

"என் கை அரிப்புடி, உனக்கின்னா?" என்பாள்.

அந்த மண்ணில்தான் அவளுடைய பிள்ளை இருந்தான்.

கல்யாணமான மறுவருஷம், ஆற்றில் வெள்ளம் போன ஒரு காலையில் வீட்டிலேயே பிறந்தவன். அழவில்லை, மூச்சு மட்டும் இழையாக ஓடிக்கொண்டிருந்தது. ஞானஸ்நானம் கொடுத்துவிட வேண்டுமே என்று அருள், பக்கத்து ஊரில் இருந்த சாமியாரைக் கூட்டிவர மழையில் ஓடினான். அவர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்று சாமியாருக்குப் பதிலாகக் கோயிலைப் பார்த்துக்கொண்டிருந்த அப்போதைய உபதேசியார் கறாராகச் சொல்லிவிட்டார். கோயில் சுவருக்கு வெளியே அருளே குழி வெட்டினான்.

ஆபத்து வேளையில் யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது காவேரிக்குப் பல வருஷம் கழித்து ஒரு பிரசங்கத்தில்தான் தெரிந்தது. அன்றைக்கு அவள் தலைமாட்டிலேயே ஒரு குடம் தண்ணீர் இருந்தது. வீட்டுக்கு வந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். தனக்குத்தான் தெரியாது, பிறவிக் கிறிஸ்தவன் அருளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? அவள் கேட்கவில்லை. அவனும் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. பிறகு இரண்டு பெண்கள் பிறந்து, வளர்ந்து, புருஷன் வீட்டுக்கும் போய்விட்டார்கள். அப்போதும் எடுக்கவில்லை. அவன் நெஞ்சு கல் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

இப்போது அந்தப் பக்கமெல்லாம் புது வீடுகள். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் பாதிச் சனம் வெயிலில் நிற்கிறது. வடக்குச் சுவரின் சன்னல்களைத் தரைவரை இடித்துத் திறந்து வளைவு வாசல்களாக்கி, அந்தப் பக்கம் ஒரு கூடம் சேர்த்துக் கட்டுவதென்று முடிவானது. ஒரு நாள் காவேரி துடைப்பத்தோடு போனால், மண்ணில் சுண்ணாம்புக் கோடு. தூண் குழிகளுக்குக் கட்டம் போட்டிருந்தார்கள். ஒரு கட்டம் சரியாக அவன் கிடக்கும் இடத்தில் விழுந்திருந்தது.

மறுநாள் ஜேசிபி வந்துவிடும். அள்ளிய மண்ணை டிராக்டரில் ஏற்றி எந்தப் பள்ளத்திலாவது கொட்டிவிடுவார்கள். கேட்பார் யார்?

வீட்டுக்கு ஓடி அருளிடம் சொன்னாள்.

"வுடு காவேரி. மண்ணு மண்ணோட போயிருக்கும்" என்றான் அவன், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"இன்னா மனுசன்யா நீ!" என்று கத்திவிட்டுத் தனியாகவே பங்குச் சாமியார் ஃபாதர் வசந்திடம் போனாள். ஊருக்குப் புதியவர், இளவயசுக்காரர். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். "அந்த ஒரு தூண மட்டும் தள்ளி வெச்சிடுங்க சாமி."

ஃபாதர் அவளோடு வந்து அந்தக் கட்டத்தைப் பார்த்தார். "தூணைத் தள்ள முடியாதும்மா. அந்த இடத்துல முட்டு இல்லன்னா பழைய சுவரே சரிஞ்சிடும். ஆனா மிஷின் வேணாம். கையாலயே தோண்டுவோம். பிள்ளைய எடுத்துக் கல்லறைத் தோட்டத்துல வெப்போம்."

"அப்ப வுடலியே சாமி?"

"தப்புதாம்மா. அவங்களுக்காக நான் மன்னிப்புக் கேக்கறேன்."

மறுநாள் காலை காவேரி போனபோது, சுண்ணாம்புக் கட்டத்துக்குள் மண்வெட்டியோடு அருள் நின்றிருந்தான். கூலியாட்கள் ஒருவரையும் கிட்டே விடவில்லை. மேல்மண்ணை வெட்டித் தள்ளிவிட்டு, அப்புறம் உட்கார்ந்து, சாயம் ஏறிய விரல்களாலேயே பிறாண்டினான். இடுப்பளவு ஆழம் போயும் ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு எலும்புத் துணுக்குகூட இல்லை. வெறும் மண்.

"எங்க போய்ட்டான் சாமி?" என்று காவேரி தலையில் அடித்துக்கொண்டாள்.

ஃபாதர் வசந்த் குழிக்குள் இறங்கி, அடியிலிருந்து மண்ணை இரண்டு கையாலும் அள்ளி வெள்ளைத் துணியில் வைத்தார். "இதுதாம்மா அவன். இனி வேற இல்ல" என்று மூட்டையை அவளிடம் கொடுத்தார். அவள் அதை மார்போடு அணைத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தாள்.

புதுக்குழியின் ஓரத்தில் ஃபாதர் செபப் புத்தகத்தைத் திறந்தார். "பேரு என்னம்மா?"

காவேரி மூட்டையைப் பார்த்தாள். பெயர் வைக்க எங்கே நேரம் இருந்தது?

"சின்னப்பன்" என்றான் அருள்.

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"அன்னிக்கு சாமியாரக் கூட்டியார ஓடினேன் இல்ல, பேரு இன்னான்னு கேப்பாரேன்னு வழியிலயே வெச்சிட்டேன்." அவன் குரல் உடைந்தது. "ஓடாம நானே தண்ணி ஊத்தியிருக்கணும். தெரியும். பயத்துல புத்தி வேல செய்யல காவேரி. அப்பறம் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு உங்கிட்ட பேசறது?"

ஒரே பிள்ளைக்கு, ஒரே வீட்டுக்குள், இத்தனை காலம் தனித்தனியாக அழுதிருக்கிறார்கள். கேட்டிருக்கலாமே பாவி என்று காவேரி தன்னையே திட்டிக்கொண்டாள். மண் ஒட்டிய அவன் கையைப் பிடித்தாள்.

"சின்னப்பன்னே சொல்லுங்க சாமி" என்றாள்.