பன்னிரண்டாவது மீட்டர்

சுண்ணாம்பு அண்ணன் பயந்த மனிதர். அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைத் தொடங்க வேண்டும். வாசலில் தபால்காரரின் சைக்கிள் நின்றால் கொல்லைப் பக்கம் போய் நின்றுகொள்வார். மேனேஜர் "கொஞ்சம் வந்துட்டுப் போங்க" என்று கூப்பிட்டால், அந்த அறைக்குப் போய்ச் சேருவதற்குள் செய்யாத பத்துக் குற்றங்களை மனதுக்குள் ஒப்புக்கொண்டிருப்பார். வயது ஐம்பத்திரண்டு. அதில் முப்பது வருஷம் மைதானங்களில் சுண்ணாம்புக் கோடு போட்டே கழிந்துவிட்டது. அதனால்தான் அந்தப் பெயர். சொந்தப் பெயரைச் சம்பளப் பட்டியலில் பார்த்தால் அவரே ஒரு நிமிஷம் யாரோ என்று நினைப்பார்.

அப்படிப்பட்டவருக்கு ஐம்பது வயதில் ஒரு நல்ல காலம் வந்தது. ஒரு மெத்தைக் கம்பெனி முதலாளிக்குத் திடீரென்று கால்பந்து ஆசை பிடித்தது. நகராட்சியின் பழைய மைதானத்தைக் குத்தகைக்கு எடுத்தார். மற்ற அணிகள் வேண்டாமென்று கழித்துவிட்ட ஆட்டக்காரர்களாகப் பொறுக்கிச் சேர்த்து, சம்பளம் கொடுத்து, லீகில் ஒரு அணியை இறக்கிவிட்டார். சட்டையின் நெஞ்சில் கம்பெனியின் முத்திரை, அதாவது கண்ணை மூடித் தூங்கும் ஒரு தலையணை. இதைப் போட்டுக்கொண்டு யார் ஜெயிக்க முடியும்? போன ஊரெல்லாம் எதிரணி ரசிகர்கள் இவர்களைப் பார்த்து ஆராரோ பாடினார்கள்.

ஆனால் சுண்ணாம்பு அண்ணனுக்கு அந்த வேலையோடு வீடும் கிடைத்தது. பார்வையாளர் படிக்கட்டுக்கு அடியில் இரண்டு அறைகள். கூரை படிப்படியாக இறங்கி வரும். பின்னறையில் குனிந்துதான் நடக்க வேண்டும். மேலே கூட்டம் காலைத் தட்டினால் அடுப்பில் இருக்கும் பாத்திரத்தில் தூசி விழும். இருந்தாலும் வாடகை வீடு வாடகை வீடாகச் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு அலைந்த அவர் மனைவி, முதல் நாளே சுவரில் நாலு ஆணி அடித்துவிட்டாள். அணியின் சட்டைகளைத் துவைக்கும் வேலையும் அவளுக்கே வந்தது. ஆட்டக்காரர்கள் அவளை அண்ணி என்றார்கள்.

அந்த அணியில் ஒருவன் மாப்பிள்ளை. அணி தொடங்கிய வாரத்தில்தான் அவனுக்குக் கல்யாணம் ஆனது; பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. இருபத்தெட்டு வயது, முன்வரிசை ஆட்டக்காரன். பெனால்டி என்றால் கோச் அவனைத்தான் அனுப்புவார். முதல் வருஷம் சொந்த மைதானத்தில் தெற்கு கோலில் மூன்று பெனால்டி அடித்தான், மூன்றும் உள்ளே. வடக்கு கோலில் இரண்டு அடித்தான், இரண்டும் கோல்கீப்பர் கையில். இரண்டாம் வருஷம் அதே வடக்கு கோலில் இன்னும் இரண்டு, அவையும் போயின. வடக்கு கோலுக்குப் பின்னால் ஒரு பற்பொடி விளம்பரப் பலகை இருந்தது. அந்தப் பல்லைப் பார்த்துத்தான் பையன் கவனம் சிதறுகிறது என்று மேனேஜர் அதைக் கழற்றி எறிந்தார். ஒன்றும் ஆகவில்லை. நாலாவது தவறியபோது படிக்கட்டிலிருந்து தண்ணீர் பாட்டில்கள் பறந்தன. மாப்பிள்ளையின் மாமனார் அன்றைக்குப் பாதி ஆட்டத்தில் எழுந்து போனவர், அதன் பிறகு மைதானத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அதே வடக்கு கோலில் எதிரணிகள் அடித்ததையும் நம் கோல்கீப்பர் இரண்டு முறை பிடித்தான். அவனைப் பத்திரிகையில் புகழ்ந்து எழுதினார்கள்.

இனிக் கதைக்கு வருகிறேன்.

இரண்டாம் வருஷத்தின் கடைசி ஆட்டத்துக்கு நாலு நாள் இருந்தது. அணி கடைசி இடத்துக்கு மேலே ஒரே ஒரு படியில் தொங்கிக்கொண்டிருந்தது. இந்த ஆட்டத்தில் தோற்காமல் இருந்தால் போதும், தப்பிக்கலாம். தோற்றால் லீகை விட்டு வெளியே. வெளியே போனால் அணியைக் கலைத்துவிடுவேன் என்று முதலாளி எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். இந்த நேரத்தில் கால்பந்து சங்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஆட்டத்துக்கு முதல் நாள், வெள்ளிக்கிழமை, அதிகாரி வந்து மைதானத்தை அளந்து பார்ப்பார் என்றது கடிதம்.

அளப்பது என்றதுமே சுண்ணாம்பு அண்ணன் கடிதத்தை வாங்கி இன்னொரு தடவை படித்தார். தப்பு எதுவும் இருக்காது என்று தெரியும். இருந்தாலும் அதிகாரி வருவதற்கு முன் நாமே ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்று புதன்கிழமை காலை டேப்பை எடுத்துக்கொண்டு இறங்கினார். எல்லைக்கோடு சரி. கோல் அகலம் சரி. தெற்குப் பக்கம், பெனால்டி அடிக்கப் பந்து வைக்கும் புள்ளி, கோல் கோட்டிலிருந்து பதினொரு மீட்டர். சரி. வடக்குப் பக்கம் போனார். டேப் பன்னிரண்டு காட்டியது.

டேப்பை உதறிவிட்டு மறுபடி அளந்தார். பன்னிரண்டு. குனிந்து டேப் முனையின் வளையம் கோட்டில்தான் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

எப்படி வந்தது என்று உட்கார்ந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. அவரிடம் முப்பது வருஷமாக ஒரு பழைய டேப் இருந்தது. அதன் முதல் மீட்டர் என்றோ கிழிந்து போயிற்று. ஒன்று என்று எழுதிய இடத்தில்தான் அதன் முனையே தொடங்கும். அதனால் எதை அளந்தாலும் ஒன்று கூட்டிப் படிப்பார். பத்து வேண்டுமென்றால் பதினொன்று, பதினொன்று வேண்டுமென்றால் பன்னிரண்டு. யோசித்துச் செய்வதில்லை, கை தானாகச் செய்யும். அணியின் முதல் ஆட்டத்துக்கு முன்னால் தெற்குப் புள்ளியை அந்த டேப்பால்தான் வைத்தார். வைத்து முடித்ததும் டேப் நடுவில் இரண்டாகக் கிழிந்தது. மேனேஜர் ஓடிப்போய்ப் புத்தம்புது டேப் வாங்கி வந்தார். பூஜ்யத்திலிருந்து தொடங்கும் நல்ல டேப். சுண்ணாம்பு அண்ணனின் கை அதிலும் பன்னிரண்டைப் பிடித்து வடக்குப் புள்ளியை வைத்துவிட்டது. மற்றதெல்லாம் முடிச்சுப் போட்ட கயிற்றால் வைத்தது, அதில் பிசகில்லை. அதன் பிறகு யார் அளக்கிறார்கள்? சுண்ணாம்பு விழுந்த இடத்தில் புல் கருகித் தழும்பாகிவிடும். வாரா வாரம் அதன் மேலேயே கொட்டிவிட்டுப் போவதுதான் வழக்கம்.

"என்னங்க, பேயறைஞ்ச மாதிரி வர்றீங்க?" அண்ணி துவைத்த சட்டைகளைக் கொடியில் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"வடக்கு கோல்ல புள்ளியைப் பன்னெண்டு மீட்டர்ல வச்சிருக்கேன்."

"எந்தப் புள்ளி?"

"பெனால்டி புள்ளி."

இரண்டு வருஷம் சேறும் சட்டையுமாகக் கிடந்தவளுக்கு இது விளங்காமல் இருக்குமா? கையில் இருந்த சட்டையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்போ, மாப்பிள்ளை அடிச்சதெல்லாம்?"

சுண்ணாம்பு அண்ணனுக்குச் சுருக்கென்றது. இது அவருக்குத் தோன்றவே இல்லை. வடக்கு கோலிலிருந்து வீடு வரை அவர் யோசித்துக்கொண்டு வந்தது இந்த இரண்டு அறைகளைப் பற்றித்தான்.

"நாலும் பன்னெண்டுலேருந்துதான்," என்றார்.

"நேரா மேனேஜர்கிட்டப் போய்ச் சொல்லிடுங்க. கை தவறிடுச்சுன்னு சொல்லுங்க. தலையையா வாங்கிடுவாரு?"

"உனக்கென்ன தெரியும்? ரெண்டு வருஷம் இங்க ஆடின ஆட்டம் அத்தனையும் செல்லாதுன்னு சொன்னா? வேலை போயிடும். இந்த வீடும் போயிடும். மறுபடி எங்க போய் நிக்கிறது?"

"அந்தத் தம்பி ஒரு வருஷமா யார் மூஞ்சியையும் பார்க்காம நடக்குதுங்க."

அன்று முழுக்க அவளுடைய துணி துவைக்கும் சத்தம் வழக்கத்தைவிடப் பலமாகக் கேட்டது.

வியாழக்கிழமை மத்தியானம், ஆட்டக்காரர்கள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், மண்வெட்டியும் வாளியுமாக வடக்குப் பக்கம் போனார். படிக்கட்டுக்குப் பின்னால் வளர்ந்திருந்த புல்லை மண்ணோடு வட்டமாக வெட்டி எடுத்து வந்திருந்தார். கருகிய பழைய புள்ளியை மேலாகச் சுரண்டிவிட்டு அதன் மேல் இந்தப் புல்லைப் பதித்தார். காலால் மிதித்தார், தண்ணீர் ஊற்றினார். ஒரு மீட்டர் முன்னால் தள்ளிப் புதுப் புள்ளி வைத்தார். சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. படிக்கட்டில் ஒரு காக்கை இறங்கியதற்கே மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். எடுத்த எடுப்பில் வடக்குப் பக்கம் போய் அளந்தார். "பதினொண்ணு. சரியா இருக்கு," என்றார். பிறகு குனிந்து பார்த்தார். "இங்க மட்டும் என்ன புல்லு இவ்வளவு பச்சையா இருக்கு?"

"அங்க தண்ணி தேங்குதுங்க சார்."

சுண்ணாம்பு அண்ணனின் குரல் அவருக்கே யாருடையதோ போலக் கேட்டது. அதிகாரி நோட்டில் கையெழுத்துப் போட்டு, மைதானத்தை நன்றாக வைத்திருப்பதாக மேனேஜரிடம் சொல்லிவிட்டுப் போனார். மேனேஜர் சுண்ணாம்பு அண்ணனின் தோளில் தட்டிக்கொடுத்தார்.

சனிக்கிழமை. படிக்கட்டு நிரம்பியிருந்தது. சுண்ணாம்பு அண்ணன் வடக்கு மூலைக் கொடிக்குப் பக்கத்தில் வாளியோடு உட்கார்ந்திருந்தார். இடைவேளைக்குப் பிறகு நம் அணி வடக்கு கோலை நோக்கி ஆடியது. எதிரணி ஒரு கோல் போட்டுவிட்டது; நம் பக்கம் ஒன்றுமில்லை. ஆட்டம் முடிய நாலு நிமிஷம் இருக்கும்போது, பெனால்டி பெட்டிக்குள் நம் ஆளை எதிரணியில் ஒருவன் காலை வாரி வீழ்த்தினான். நடுவர் விசிலை ஊதிப் புள்ளியைக் காட்டினார்.

படிக்கட்டு எழுந்து நின்றது. ஆனால் ஆட்டக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வடக்கு கோலில் பெனால்டி அடிக்க எவன் வருவான்? கேப்டன் தரையைப் பார்த்தான். கடைசியில் மாப்பிள்ளைதான் பந்தை எடுத்துக்கொண்டு வந்தான். புள்ளியில் வைத்தான். நிமிர்ந்து கோலைப் பார்த்தான். ஏதோ புதிதாகப் பார்த்தவன் போல இன்னொரு தடவை பார்த்தான். அவன் முகம் தெளிந்ததைச் சுண்ணாம்பு அண்ணன் கண்ணால் கண்டார். இன்றைக்குப் போட்டுவிடுவான். பதினொரு மீட்டர்தான், போட்டுவிடுவான்.

மாப்பிள்ளை பின்னால் நடந்தான். ஒரு அடி, இரண்டு அடி. அந்தப் பச்சை வட்டத்தைத் தாண்டிப் பின்னால் போனான். ஓடி வரும்போது பந்துக்கு முந்தைய அடி எங்கே விழும் என்று அப்போதுதான் சுண்ணாம்பு அண்ணனுக்கு உறைத்தது. வைத்து இரண்டே நாள் ஆன புல். வேர் பிடிக்கப் பதினைந்து நாளாவது வேண்டும். அடியில் சுண்ணாம்பும் ஈரமும்.

எழுந்து நின்றுவிட்டார். வாயையும் திறந்துவிட்டார். "நில்லு" என்று ஒரு வார்த்தை போதும். நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். நடுவர் வந்து பார்ப்பார். அங்கே நாற்காலியில் அதே அதிகாரி உட்கார்ந்திருக்கிறார். திறந்த வாயை மூடிக்கொண்டார். நடுவர் விசில் ஊதினார். மாப்பிள்ளை ஓடி வந்தான். கால் பச்சையின் மேல் விழுந்தது. ஈரத் தரையில் மிதியடி நழுவுவது போல அது நழுவியது. அவன் மல்லாந்து விழ, பந்து கோலுக்கு மேலே, பற்பொடிப் பலகை இருந்த இடத்தையும் தாண்டி எங்கோ போயிற்று.

எதிரணி ரசிகர்கள் ஆராரோ பாடத் தொடங்கினார்கள். விழுந்தவன் எழுந்திருக்க நேரமாயிற்று. சுண்ணாம்பு அண்ணன் வாளியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். அடுத்த நிமிஷம் யாராவது வந்து அந்தப் புல்லைத் தூக்கிப் பார்ப்பார்கள் என்று காத்திருந்தார். ஒருவரும் பார்க்கவில்லை. அவன் ராசி அப்படி என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள்.

ஆட்டம் தோல்வியில் முடிந்தது. முதலாளி சொன்ன சொல் தவறவில்லை. ஒரே வாரத்தில் அணியைக் கலைத்தார். ஒரு வருஷமும் பத்து மாதமும் இருந்த அணி. மைதானத்தை நகராட்சிக்கே திருப்பிக் கொடுத்தார்கள். படிக்கட்டுக்கு அடியில் இருந்த வீட்டைக் காலி செய்யச் சொல்லித் தபால்காரர் ஒரு கடிதம் கொண்டு வந்தார். அண்ணி சுவரிலிருந்து நாலு ஆணிகளையும் பிடுங்கினாள்.

அந்த வாரக் கடைசியில் மாப்பிள்ளை தன் பூட்ஸை எடுத்துக்கொண்டு போக வந்தான். அண்ணி அவனுடைய சட்டையைத் துவைத்து மடித்து வைத்திருந்தாள். அதைக் கையில் கொடுத்துவிட்டு, அவன் தலைக்கு மேலாகத் தன் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். பயப்பட இனி ஒன்றும் மிச்சமில்லை. ஆனாலும் சுண்ணாம்பு அண்ணன் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கடைசியா ஒரு தடவை கிரவுண்டைப் பார்த்துட்டுப் போறேண்ணே," என்று அவன் இறங்கி நடந்தான். இவர் பின்னாலேயே போனார். "மாமனார் அவரோட இரும்புக் கடைக்குத் திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்காரு. இனிமே பந்து கிடையாது. உங்க கிரவுண்டைக் குறை சொல்ல மாட்டேன். என் கால்தான் சரியில்லை. அன்னைக்கு மட்டும் கோல் பெரிசா தெரிஞ்சுதுண்ணே. போட்டுடுவேன்னுதான் நெனச்சேன்."

சுண்ணாம்பு அண்ணன் சட்டைப்பையிலிருந்து டேப்பை எடுத்தார். "அந்த முனையைக் கோட்டுல பிடிப்பா," என்றார். டேப்பை இழுத்துக்கொண்டு வந்து பச்சை வட்டத்தின் மேல் வைத்தார். பன்னிரண்டு. பழைய டேப்பின் கதையைத் திக்கித் திணறிச் சொன்னார்.

மாப்பிள்ளைக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "அந்த நாலும் இங்கேருந்தா?" என்றான். "அப்போ, நான் அவ்வளவு மோசமில்லையாண்ணே?"

"இல்லப்பா."

அவன் முகத்தைச் சட்டையில் புதைத்துக்கொண்டு அழுதான். பிறகு சிரித்தான். இவர் கையைப் பிடித்துக்கொண்டான். திட்டுவான், அடிப்பான் என்று நினைத்திருந்தவருக்கு அதுதான் தாங்க முடியவில்லை. "இதை நான் வீட்ல சொல்லணும்ணே. மாமனார்கிட்டச் சொல்லணும். போகட்டும், அந்த அஞ்சாவது மட்டும்தான் என் தப்பு. வழுக்கி விழுந்தவன் நான்தானே?"

இதோடு விட்டுவிடலாம். அவனே வழி விட்டுவிட்டான்.

"அதுவும் உன் தப்பு இல்லப்பா," என்றார் சுண்ணாம்பு அண்ணன். குனிந்து பச்சையின் ஓரத்தில் விரலை விட்டுத் தூக்கினார். பாத்திரத்து மூடி போல அது முழுசாக வந்தது. அடியில் பழைய புள்ளி வெள்ளையாகக் கிடந்தது.

மாப்பிள்ளை அவர் கையை விட்டுவிட்டான்.

"எப்ப வச்சீங்க?"

"வியாழக்கிழமை."

"நான் ஓடி வந்தப்போ உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஒரு சத்தம் போட்டிருக்கலாமேண்ணே."

"பயமா இருந்துச்சு."

"எதுக்கு?"

சுண்ணாம்பு அண்ணன் திரும்பிப் பார்த்தார். படிக்கட்டுக்கு அடியில், வாசலில், அண்ணி பாயைச் சுருட்டிக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"வீட்டைக் காலி பண்ணச் சொல்லிடுவாங்கன்னு," என்றார்.